மோசெல் ஆற்றங்கரைத் திராட்சை

திராட்சை மது என்றதும் பிரான்சு நாட்டை நினைப்பதே பெரும்பாலோர் வழக்கம். ஜெர்மனியின் மேற்கெல்லையில் விளையும் ரீஸ்லிங் என்னும் வெள்ளை மதுவை அறிந்தோர் நம்மிடையே சிலரே. குடிக்கச் சொல்வது நம் நோக்கமன்று. நம் அங்கத்தினருள் மதுவைத் தொடாதோரே பலர். ஆயினும் ஒரு பயிருக்காக மனிதர் படும் பாட்டை அறிந்துகொள்வதில் குற்றமில்லை.

மோசெல் ஆறு பிரான்சிலுள்ள வோஜ் மலையில் தோன்றி, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, ஜெர்மனிக்குள் பாம்பென வளைந்து சென்று கோப்ளென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. ஏறத்தாழ 50ஆம் வட பாகையில் உள்ள குளிர்ந்த நாடு அது. அங்கே திராட்சை பழுப்பதற்குத் துணை நிற்பது கல்லே. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய சிலேட்டின் இனத்தைச் சேர்ந்த கற்சில்லுகள் சரிவெங்கும் பரவிக் கிடக்கின்றன. பகலில் அவை வாங்கிய வெயிலை இரவில் கொடிக்குத் திருப்பித் தருகின்றன.

வெயில் நன்கு படும் சரிவுகளோ மிகச் செங்குத்தானவை. ப்ரெம் என்னும் சிற்றூருக்கு மேலுள்ள கால்மோன்ட் தோட்டம் சில இடங்களில் 65 பாகை வரை நிமிர்ந்து நிற்கிறது. உழவு இயந்திரம் அங்கே ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தைப் பற்சக்கரத்தால் பற்றி ஏறும் சிறு வண்டியே துணை. மற்றவை யாவும் கைவேலை. (இருப்புப் பாதையில் பிழைக்கும் நமக்கு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இதன் அருகே கோக்கெம் நகரில், ஆறு 20 கிலோமீட்டருக்கும் மேல் சுற்றிவரும் வளைவை, 1879இல் திறக்கப்பட்ட 4 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள குகைவழியால் ரெயில் குறுக்கே கடந்துவிடுகிறது!)

1787இல் ட்ரியர் நகரின் ஆட்சியாளராயிருந்த பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், மட்டமான கொடிகளை நீக்கி நல்லினக் கொடிகளை நடுமாறு ஆணையிட்டார். ரீஸ்லிங் அங்கே பரவியதற்கு அவ்வாணை பெரிதும் உதவியது.

1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிழிந்த சாற்றிலுள்ள சர்க்கரை அளவைக் கொண்டு கபினெட், ஷ்பேட்லேஸெ, அவுஸ்லேஸெ முதலிய தரங்களாகப் பிரிக்கின்றனர். இவற்றுள் கபினெட் இலேசானது. சிறிது இனிப்பு மிஞ்சும் வகையில் சாராயச் சத்து நூற்றுக்கு 8 அல்லது 9 பங்கே இருக்கும். இனிப்பைத் திகட்டவிடாது காப்பது அதன் கூரிய புளிப்பு. அவ்வூரார் இதனை ஆற்று மீனோடும் பன்றியிறைச்சியோடும் அருந்துகின்றனர். அறுவடை நாளில், நுரை அடங்காத இளமதுவோடு சூடான வெங்காய அடையைத் தின்பதும் உண்டு. காரமான ஆசிய உணவுகளுக்கும் இதுவே ஏற்றதென்று சுவை அறிந்தோர் கூறுவர். சாராயச் சத்து மிக்க மது மிளகாயின் எரிச்சலைக் கிளறிவிடும். இனிப்போ அதனை அடக்கும். இது நமக்கும் நியாயமாகவே படுகிறது.

இத்தனை உழைப்புக்கும் உழவர் கண்ட பலன் எப்போதும் பெரிதன்று. தென் ஜெர்மானிய மதுவின் போட்டியால் அவர்கள் நலிந்தபோது, ட்ரியரில் பிறந்த கார்ல் மார்க்ஸ் 1843இல் அவர்கள் துயரைத் தம் பத்திரிகையில் எழுதினார். அவ்வாண்டே அரசாங்கம் அப்பத்திரிகையை நிறுத்திவிட்டது. அண்மைப் பத்தாண்டுகளில் மோசெல் தோட்டப் பரப்பு வெகுவாகச் சுருங்கியிருக்கிறது. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட, செங்குத்துச் சரிவுகள் பலவற்றில் முட்புதர் மண்டிவிட்டது. எஞ்சிய தோட்டங்களில் அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் கூலியாட்கள் வருகின்றனர். சில வாரங்கள் அச்சரிவுகளில் பழம் பறித்துவிட்டு ஊர் திரும்புகின்றனர்.