பந்தி போதும், சங்கம் வேண்டாம்



இடைசெவலில் வேலை ஓய்ந்த ஆண்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடிச் சாப்பிடுகிறோம். குதிரைவாலிச் சோறு, கானத்துவையல், ஊர்ப்பேச்சு, அவ்வளவுதான். இப்போது இதைச் சங்கமாகப் பதிய வேண்டுமாம். தலைவர், பொருளாளர், மாதச் சந்தா! எனக்கு உடன்பாடில்லை.

ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டி என்றால் எல்லோரும் கம்பனைத்தான் சொல்வார்கள். வந்தவர்களை உட்காரவைத்துச் சோறு போட்ட வீடும் அது. பிற்பாடு அவர் குற்றாலத்தில் இருந்தபோது நம்மூர் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் தேடிப் போனார்கள். இருவரும் 1923-இல் பிறந்தவர்கள். அவரோ நாற்பது வயது மூத்தவர். சந்தா கட்டியா போனார்கள்?

நம் பந்தியில் மூன்று பேர் மனைவியை இழந்தவர்கள். பிள்ளைகள் வெளியூரில். காலையில் பொங்கியதையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்பவர்கள். சந்தாப் பேச்சு வந்ததும், கூலிவேலை பார்த்து ஓய்ந்த ஒருவர் போன மாதம் வரவே இல்லை. கேட்டால், "வயிறு சரியில்லை சார்" என்கிறார்.

மாற்ற வேண்டியது வேறொன்று. சமையல் முழுக்க வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. இனி நாமே பொங்குவோம். பொங்கத் தெரியாதவர் பாத்திரம் கழுவட்டும்.

அந்த நண்பரை அழைத்துவர நானே போகிறேன். அன்று ஊரில் இருக்கும் மாணவர்களும் வாருங்கள், தட்டோடு.