இடி உண்டு, மழை இல்லை

சித்திரை, வைகாசியில் கருமேகம் திரண்டு இடி முழங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? காயப்போட்ட வற்றலை அள்ளி உள்ளே வைப்பீர்கள். மாட்டை அவிழ்த்துத் தொழுவத்தில் கட்டுவீர்கள். மனத்துக்குள் கோடை உழவுக்கு நாள் பார்ப்பீர்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் மாடு வளர்ப்பவர் அதே மேகத்தைக் கண்டால், தண்ணீர்த் தொட்டி ஏற்றிய வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, எங்காவது புகை எழுகிறதா என்று பார்ப்பார். அந்த மேகம் அவருக்குக் கொண்டுவருவது மின்னலும் காற்றும்தான். மழை பெரும்பாலும் தரையைத் தொடுவதில்லை.

உயர் பாலை என்று அழைக்கப்படும் இந்த நிலத்தை மணல் மேடுகளாக எண்ணிவிட வேண்டாம். கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல், புதரும் புல்லுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த மேட்டு நிலம் அது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைக் காஸ்கேட் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே மழை மறைவுப் பகுதியில் பயிர் செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பென்ட், பர்ன்ஸ் போன்ற ஊர்களில் ஆண்டு முழுதும் சேர்ந்தே சுமார் 300 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு குளிர்காலப் பனியாகவும் வசந்த கால மழையாகவும் வந்துவிடும். பகலில் வெயில் கொளுத்தும் ஜூன் மாதத்தில்கூட இரவில் உறைபனி விழுவதுண்டு. இத்தகைய மண்ணில் பாசனம் உள்ள இடத்தில் குதிரைமசால் விளைகிறது, மற்றதெல்லாம் மேய்ச்சல். ஓரிகன் நிலத்தில் பாதிக்கும் மேல் மத்திய அரசுக்குச் சொந்தம். பண்ணைக்காரர்கள் கட்டணம் செலுத்தி, அனுமதி பெற்று அதில் மாடுகளை மேய்க்கிறார்கள்.

மழையில்லாத இடி எப்படி வருகிறது? தெற்கிலிருந்து வரும் ஈரம் வானத்தின் நடு உயரத்தில் மட்டும் இருக்கிறது. கீழே உள்ள காற்றோ அடுப்புச் சூடு, எலும்பு வறட்சி. மேகத்தின் அடிப்பகுதியே தரையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். அங்கிருந்து விழும் துளி, வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மேகத்தின் அடியில் சாம்பல் நிறத் திரை தொங்குவது தெரியும். அது மண்ணைத் தொடாமல் நடுவானில் மறைந்துவிடும். 2.5 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை தரும் இடிமழையை அந்நாட்டு வானிலைத் துறையினர் 'உலர் இடி' என்கிறார்கள். கொடுமை அதோடு நிற்பதில்லை. துளி ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனத்து, தரையை நோக்கிப் பாய்ந்து, நாலாபுறமும் சூறையாக வீசுகிறது. மின்னல் வைத்த தீயை அதே மேகத்தின் காற்று விசிறிவிடுகிறது.

மின்னல் அந்நிலத்துக்குப் புதிதல்ல. வெயில் முந்திக்கொண்டு வருவதுதான் இப்போதைய கவலை. அங்கே மலைமேல் கிடக்கும் பனிதான் ஏரியும் கண்மாயும். அது மெதுவாக உருகினால் ஆற்றில் ஜூலை வரை நீர் ஓடும், புல்லும் பச்சை பிடித்திருக்கும். வெயில் முந்தினால் எல்லாம் முன்னதாகவே முடிந்துவிடும். 2021 ஜூன் கடைசி வாரத்தில் அந்த வட்டாரமெங்கும் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அடுத்த வாரமே, ஜூலை 6 அன்று, தெற்கு ஓரிகனில் மின்னலால் பிடித்த 'பூட்லெக்' தீ தெரியவந்தது. அது 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது.

ஆனால் வெயிலையும் மின்னலையும் மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போனால் முக்கியமான எதிரியை விட்டுவிடுவோம். அது ஒரு புல். 'சீட்கிராஸ்', அதாவது ஏமாற்றுப் புல் என்று பெயர். கோதுமை வயலில் புகுந்து உழவரை ஏமாற்றியதால் வந்த பெயர் என்பார்கள். ஐரோப்பா, ஆசியா பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. கணக்கு வழக்கில்லாமல் மாடும் ஆடும் மேய்ந்து, மண் வெறுமையாகிக் கிடந்த காலம் அது. அந்த இடைவெளியில் இது குடியேறிவிட்டது.

இதன் தந்திரத்தைக் கவனியுங்கள். நாட்டுப் புற்கள் கொத்துக் கொத்தாக வளர்பவை; கொத்துகளுக்கு நடுவே வெறும் மண் இருக்கும். ஓரிடத்தில் மின்னல் விழுந்து தீப்பற்றினாலும் அடுத்த கொத்துக்குத் தாவுவது கடினம். ஏமாற்றுப் புல் இலையுதிர் காலத்திலேயே முளைத்து, குளிரிலும் வேர்விட்டு, மற்ற புற்கள் விழிப்பதற்குள் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. பச்சையாக இருக்கும் சில வாரங்கள் மாடு விரும்பித் தின்னும். பிறகு கூர்முள் விதை வைத்து, வாயையும் கண்ணையும் குத்தும். ஜூன் பிறக்கும்போது முழுதும் காய்ந்து, வெறும் மண் இருந்த இடத்தையெல்லாம் மூடிய வைக்கோல் பாயாகக் கிடக்கும். சரியாக அப்போதுதான் உலர் இடி வருகிறது. எரிந்த பின் முதலில் முளைப்பதும் இதுவே. சேஜ்பிரஷ் என்னும் அந்நிலத்துப் புதர் எரிந்தால் அடியிலிருந்து துளிர்ப்பதில்லை. மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் அடுத்த தீ வந்துவிடுகிறது.

2012 ஜூலை 8 அன்று மின்னலால் பற்றிய 'லாங் டிரா' தீ ஐந்தரை லட்சம் ஏக்கரைத் தின்றது. நூற்றுக்கணக்கான மாடுகள் மாண்டன. 2024 ஜூலையில் 'டர்க்கி' தீ கிட்டத்தட்ட 3 லட்சம் ஏக்கர். அதுவும் மின்னல்தான். அந்த ஓராண்டில் மட்டும் ஓரிகனில் சுமார் 19 லட்சம் ஏக்கர் எரிந்தது. அம்மாநிலம் அதுவரை காணாத அளவு. செத்த மாடு ஒரு பக்கம். பிழைத்த மாட்டுக்கு என்ன வழி? வேலி எரிந்து போயிருக்கும். எரிந்த அரசு நிலத்தைப் பொதுவாக இரண்டு வளர்பருவங்கள் மேய்ச்சலுக்கு மூடி வைப்பார்கள். அதுவரை தீவனத்தை விலைக்கு வாங்குவதா, மந்தையை விற்பதா என்பதுதான் பண்ணைக்காரர் முன் நிற்கும் கேள்வி.

மேய்ச்சலை அறவே நிறுத்தினால் நிலம் தேறும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. மாடு அதிகம் மேய்ந்தால் தீயே வராது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. கட்டுப்பாடற்ற மேய்ச்சல்தான் இந்தப் புல்லுக்குக் கதவைத் திறந்தது. அளவான மேய்ச்சலோ எரிபொருளைக் குறைத்து, நாட்டுப் புல் தீயைத் தாங்க உதவுகிறது என்பதை பர்ன்ஸ் நகரில் உள்ள வேளாண் ஆய்வு மையத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்த மாதத்தில், எத்தனை மாடு, எத்தனை நாள் என்பதே கேள்வி. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் எனத் திருத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். நம் காடு வேறு, அவர்கள் புல்வெளி வேறு. ஆனால் மாதமும் எண்ணிக்கையும் பேசாமல் தடையா அனுமதியா என்று மட்டும் பேசும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் ஓரிகன் நல்ல வழி கண்டிருக்கிறது. தீப்பிடித்த இடத்துக்கு அரசு வண்டி வந்து சேரப் பல மணி நேரமாகும். பக்கத்துப் பண்ணைக்காரர் அரை மணியில் போய்விடுவார். முன்பெல்லாம் அரசு நிலத்தில் அவர் தீயணைக்கப் போனால் அதிகாரிகளோடு உரசல்தான். 1964இல் அயர்ன்சைடு என்னும் சிற்றூரில் பண்ணைக்காரர்களே தீத்தடுப்புச் சங்கம் தொடங்கினார்கள். இன்று 20க்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. அரசு பயிற்சி தருகிறது. கழித்துவிட்ட அரசு வண்டிகள் தீயணைப்பு வண்டிகளாக இவர்கள் கைக்கு வருகின்றன. தீக்களத்தில் அரசுப் படையோடு சேர்ந்து நிற்க அனுமதியும் உண்டு. சம்பளம் கிடையாது.

இந்தச் சங்கங்களுக்குக் கிடைக்கும் உதவி இன்னும் பெருக வேண்டும். தீயணைக்கும் அனுமதி தந்தவர்கள், வசந்தத்தில் ஏமாற்றுப் புல் பச்சையாக இருக்கும் அந்தச் சில வாரங்களில் எங்கே எத்தனை மாடு விடலாம் என்று முடிவு செய்யும் மேசையிலும் இவர்களுக்கு இடம் தர வேண்டும். அனுமதிக் காகிதம் வந்து சேரும்போது புல் காய்ந்து விதை உதிர்த்திருந்தால், அந்த ஆண்டு அதை மாடும் தின்னாது; தீதான் தின்னும்.