கணக்கு எழுதுறவரே ஆடிட்டரா? கூடங்குளத்துக் குளமும் ஒரு வாரியமும்

பி.காம். படிக்கும் யாரை வழியில் நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் அதே கம்பெனிக்கு ஆடிட்டராக இருக்க முடியாது. 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டம், 141-வது பிரிவு. டைரக்டருக்கு நெருங்கிய சொந்தம் என்றாலும் முடியாது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் ஒரே ஆடிட் நிறுவனத்தைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வைத்துக்கொள்ளவும் முடியாது. சத்யம் 2009-ல் கவிழ்ந்த பிறகு இந்த விஷயத்தில் எல்லோருக்கும் ஞானோதயம் வந்துவிட்டது.

சோப்பு விற்கிற கம்பெனிக்கே இத்தனை கெடுபிடி. அணு உலையில் எரித்து முடித்த யுரேனியத்தை வைத்திருக்கிற கம்பெனிக்கு?

சரி, விஷயத்துக்கு வருவோம். கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளிலும் தலா 163 எரிபொருள் கட்டுகள். எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளியே வரும். வெளியே வருவதைக் கையில் தொட முடியாது, பக்கத்தில் நிற்கவும் முடியாது. பயங்கரச் சூடு, அதைவிடப் பயங்கரக் கதிர்வீச்சு. எனவே உலைக்குப் பக்கத்திலேயே ஆழமான குளம் கட்டி, அதில் பல வருடம் ஊறப்போடுகிறார்கள். தண்ணீர்தான் சூட்டையும் தணிக்கிறது, கதிர்வீச்சையும் தடுக்கிறது. உள்ளே இருக்கும் புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 வருடம் ஆகும்.

அணு விஞ்ஞானிகளிடம் போய் இதைக் 'கழிவு' என்று சொன்னால் கோபம் வரும். மறுசுழற்சி செய்தால் திரும்ப எரிபொருள் கிடைக்குமாம், அதனால் இது சொத்தாம். நல்லது. விற்க முடியாத, வாங்க ஆளில்லாத, எந்த வருடம் காசாகும் என்று தேதி போடாத, ஆனால் வருடா வருடம் காவலுக்கும் குளிரூட்டவும் செலவு வைக்கிற ஒன்றை எந்த அக்கவுண்டன்ஸி வாத்தியாராவது சொத்துப் பக்கம் எழுத விடுவாரா? கூடங்குளத்தில் மறுசுழற்சி ஆலையும் கிடையாது. வேறெங்கோ ஒன்று வந்து, அங்கே கொண்டுபோகும் நாள்வரை இது அங்கேயேதான்.

ஆரம்பத்தில் இந்தத் தலைவலியே நமக்கு இல்லை. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988-ல் போட்ட ஒப்பந்தப்படி எரிந்த எரிபொருளைச் சோவியத் யூனியனே திரும்ப எடுத்துக்கொள்வதாக இருந்தது. சோவியத் யூனியனே காணாமல் போன பிறகு, 1998-ல் ரஷ்யாவோடு திருத்தி எழுதியபோது 'இந்தியாவிலேயே இருக்கட்டும்' என்று மாறிவிட்டது. ராதாபுரம் தாலுகாவில் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது கதையின் முக்கியமான இடம். மே 2013-ல் உச்ச நீதிமன்றம் கூடங்குளத்துக்குப் பச்சைக்கொடி காட்டியபோது 15 கட்டளைகளும் போட்டது. உலைக்கு வெளியே தனியாக ஒரு சேமிப்பு மையத்தை ஐந்து வருடத்துக்குள் கட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. குளத்தில் இடம் அளவோடுதான் இருக்கிறது, அதனால். ஐந்து வருடம் முடிந்தது. மையம் வரவில்லை. இந்திய அணுமின் கழகம் நீதிமன்றத்துக்கே திரும்பப் போய், இந்த மாதிரி எரிபொருளை நீண்டகாலம் சேமித்த முன் அனுபவம் எங்களுக்கு இல்லை, வேலை சவாலானது என்று அவகாசம் கேட்டது. 2018 ஜூலையில் கோர்ட்டும் 2022 ஏப்ரல் வரை கொடுத்தது. 2019 ஜூலை 10-ல் ராதாபுரத்தில் நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிப்போனது. 2022 பிப்ரவரியில் முதல்வர் ஸ்டாலின், அங்கே சேமிக்க வேண்டாம், ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஏப்ரலும் வந்து போனது.

இந்தக் கதையில் ஒரு ஆளைக் காணோம், கவனித்தீர்களா? கெடு வைத்தது நீதிமன்றம். கெடுவை நீட்டியதும் நீதிமன்றம். இதற்கென்றே மும்பையில் உட்கார்ந்திருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்கே? "இடம் இத்தனை மாதத்தில் நிரம்பும், மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால் உலையை நிறுத்து" என்று சொல்ல வேண்டியது அவர்கள் வேலை அல்லவா?

அவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. விஷயம் அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. 1983-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அல்ல, ஓர் அரசாணையால் பிறந்தது வாரியம். அது பதில் சொல்ல வேண்டியது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவர் யார்? அணுசக்தித் துறையின் செயலாளர். கூடங்குளத்தை நடத்தும் அணுமின் கழகம் யாருக்குக் கீழே? அதே துறைக்குக் கீழே. ஆக, கடை முதலாளியும் ஆடிட்டரின் மேனேஜரும் ஒரே ஆள். 2012-ல் மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை இதைத்தான் கிழித்துத் தொங்கப்போட்டது. விதி மீறினால் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் அப்போது 500 ரூபாய். ஹெல்மெட் போடாமல் போனால்கூட இன்றைக்கு 1000 ரூபாய்!

நாற்காலி சரியில்லை என்றால் என்ன நடக்கும் என்பதற்குக் கல்பாக்கம் சாட்சி. அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் எரிந்த எரிபொருளை மறுசுழற்சி செய்யும் ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கையில் இருக்கிறது. 2000-ல் ஓர் உத்தரவு போட்டு, பாபா மையத்தின் வசதிகளை ஒழுங்குமுறை வாரியத்தின் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இனி அவர்களே அவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். மூன்றே வருடம். 2003 ஜனவரி 21-ல் ஒரு வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுக் கழிவு இருக்கக் கூடாத தொட்டிக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் எச்சரிக்க மானிட்டர் இல்லை. சாதாரணக் கழிவு என்று நம்பி மாதிரி எடுக்கப் போன ஊழியர்கள் உட்பட ஆறு பேர் மேல், ஒரு வருடத்துக்கு அனுமதித்த அளவைப்போலப் பல மடங்கு கதிர்வீச்சு. மையம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு விளக்கம் சொன்னது ஆகஸ்டில். அரை வருடம்! ஒரு கம்பெனி தன் நஷ்டத்தை அரை வருடம் மறைத்தால் செபி சும்மா விடுமா?

"குளம் நாளைக்கே வெடித்துச் சிதறும், திருநெல்வேலி சாம்பலாகும்" என்று மேடையில் முழங்குகிறவர்களும் உண்டு. அவர்களால் உபகாரம் இல்லை. எரிந்த எரிபொருளைக் குளத்திலும், பிறகு உலர் பெட்டகத்திலும் பத்திரமாக வைக்க உலகத்துக்குத் தெரியும், பல நாடுகளில் பல்லாண்டுகளாக வைத்தும் இருக்கிறார்கள். அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது. செய்யத் தெரிந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்க ஒரு வெளியாளை வைப்பதில் என்ன கஷ்டம்? அமெரிக்காவிலும் அணுசக்தியை வளர்ப்பதும் கண்காணிப்பதும் ஒரே ஆணையமாகத்தான் இருந்தது. இது தப்பு என்று 1974-ல் சட்டம் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஜப்பான் அப்படிச் செய்யாமல் கண்காணிப்பை அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்துக்குள்ளேயே வைத்திருந்து, 2011-ல் ஃபுகுஷிமா ஆன பிறகு 2012-ல் தனியாகப் பிரித்தது.

நம் ஊரில் தனி ஆணையம் வேண்டும் என்று 2011-ல் வந்த மசோதா 2014-ல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. பிறகு 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 'சாந்தி' சட்டத்தை நிறைவேற்றியது. தனியார் அணு உலை நடத்தலாம், ஒழுங்குமுறை வாரியத்துக்கும் சட்ட அந்தஸ்து உண்டு. கைதட்டலாம்தான். ஆனால் வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்துச் சிபாரிசு செய்யும் குழுவை அமைப்பது யார் என்று பாருங்கள். அணுசக்தி ஆணையம்! பெயர்ப் பலகையில் பெயின்ட் புதுசு, சாவிக்கொத்து பழைய இடுப்பில்.

எரிந்த எரிபொருளைக் கையாளும் பொறுப்பு தனியாருக்கு இல்லை, அரசிடமே இருக்கும் என்று அந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படியானால் கண்காணிப்பு இன்னும் இறுக்கமாக அல்லவா இருக்க வேண்டும்? தனியார் முதலாளியைக் கேள்வி கேட்க அரசு இருக்கிறது. அரசையே கேள்வி கேட்க வேண்டிய ஆளை அரசின் அதே துறைதானே பொறுக்கி எடுக்கிறது.

தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஒரு இடம் கொடுங்கள். வாரியத்தின் அறிக்கை ஆணையத்தின் மேஜையைத் தொடாமல் நேராக நாடாளுமன்றத்துக்குப் போகட்டும். ஒவ்வொரு மார்ச் 31-ம் தேதியும் ஒரு கம்பெனி தன் சரக்கிருப்பை எழுதுகிறதே, அதேபோலக் குளத்தில் எத்தனை கட்டு இருக்கிறது, இன்னும் எத்தனைக்கு இடம் இருக்கிறது, எந்த வருடம் நிரம்பும் என்று மூன்று வரி, தமிழில், கூடங்குளம் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். இடிந்தகரையில் இருக்கிறவர் அதைத் தெரிந்துகொள்ள ஆர்.டி.ஐ. மனு போட்டு, பதிலுக்கு மும்பையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.