வீடு மேட்டில், வெள்ளாமை படுகையில்

மேட்டூர் அணை நிரம்பி வழிகிறது என்ற செய்தி எட்டியதும், குடமுருட்டி பிரிகிற எங்கள் திருக்காட்டுப்பள்ளியில் சந்தோஷமும், கொள்ளிடத்தின் கடைக்கோடியில் கலக்கமும் ஏககாலத்தில் உண்டாவது காவிரி நாட்டின் விசித்திரங்களுள் ஒன்றாகும். பாசன ஆறுகள் ஏற்கமாட்டாத உபரி ஜலம் கொள்ளிடத்தில் திருப்பப்பட்டவுடன், ஆற்றுப் படுகையிலேயே குடியிருக்கும் மயிலாடுதுறை மாவட்டத்து நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் முதலிய ஊர்க்காரர்கள் ஆடு மாடுகளோடு கரையேற வேண்டியவர்களாகிறார்கள். மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் திறக்கப்பட்ட 2018 ஆகஸ்டிலும், அதேபோல் 2022 ஆகஸ்டிலும் இதுவே நடந்தது.

ஒரு தனி வெள்ளத்தைப் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது சாஸ்திர முறையன்று. ஆயினும் சூடேறிய காற்று அதிக ஈரத்தைச் சுமப்பதால், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுவதும், 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததுபோல் அடியோடு ஏமாற்றுவதும் இனி அபூர்வமாக இரா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் பெரிய அபிப்பிராய பேதமில்லை.

வெள்ளத்தின்போது நடப்பது என்ன? பள்ளிக்கூடம் முகாமாகிறது, தாசில்தார் வருகிறார், சாம்பார் சாதப் பொட்டலம் கிடைக்கிறது. ஜலம் வடிந்த பின் திரும்பிச் சென்றால் அடுப்படியில் முழங்கால் அளவு வண்டல், கொல்லையில் குருத்தழுகிய வாழை. நஷ்டஈடு என்றால் சாகுபடிக் கணக்கான அடங்கலில் யார் பெயர் என்பது கேள்வி. வாய்மொழிக் குத்தகைக்கும் புறம்போக்குச் சாகுபடிக்கும் அங்கே ஏது பெயர்? குடிசையை விட்டுப் போனால் அந்த அனுபோகமும் போய்விடும் என்ற பயத்தினால்தான் இந்த ஊர்க்காரர்கள் படுகையைப் பற்றிக்கொண்டிருக்கிறார்களே அல்லாமல், அறியாமையினால் அன்று.

சுனாமிக்குப் பின் 2005-இல் பிறந்த அரசாணை, கடலை விட்டு விலகிப் புதுவீடு பெறுவோர் பழைய மனையைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டுமென்றது. வலையும் படகும் கரையில் இருக்க, மனிதனை மட்டும் உள்ளே தள்ளிய அந்த ஏற்பாடு படுகைக்கு உதவாது. வாசஸ்தலத்தையும் ஜீவனத்தையும் தனித்தனியே பிரித்து, வீட்டை மேட்டுக்கு மாற்றிச் சாகுபடியைப் படுகையிலேயே விட்டுவைப்பதுதான் நிரந்தரப் பரிகாரம். இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை: பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கிய 1971-ஆம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டம் நம்முடையதே.

பணம் ஏது என்பாருக்கு, ஆற்று, கடல் அரிப்பினால் இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வுக்கென்று 2021–26 காலத்துக்கு 1,000 கோடி ரூபாயைப் பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்ததைச் சொல்லலாம். வெள்ளத்தில் ஆண்டுதோறும் பெயர்வோரையும் அவ்வகையில் சேர்ப்பது நியாயமே. மேட்டு நிலம் ஏது என்ற ஆட்சேபம் சற்றுக் கனமானதுதான். கரையோர ஊர்களில் விலை கொடுத்து வாங்க வேண்டும். வயலுக்கு நடந்துபோகும் தூரத்துக்கு அப்பால் வாங்குவது வீண் செலவு. குடும்பத் தலைவியின் பெயரில் மனைப் பட்டாவும், உழுகிறவர் பெயரில் படுகைச் சாகுபடிப் பதிவும் ஒரே உத்தரவில், ஆறு வறண்டு கிடக்கும் சித்திரை வைகாசியிலேயே கைக்கு வந்துவிட வேண்டும்.