வட்டியில்லாக் கார்டில் கார்: ஐந்து வாதங்களும் பதில்களும்

ஆடிப்பெருக்கு பூஜை போட்டுப் பட்டாசுக் கடைகள் விற்பனையைத் தொடங்கிவிட்டால், சிவகாசி வட்டாரத்தில் வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தீபாவளி வரை பணம் புரளும். கார் ஆசையும் அப்போதுதான் தலைதூக்கும். கூடவே ஒரு யோசனையும் வரும்: “லோன் எதுக்குண்ணே? கிரெடிட் கார்டுல தேச்சு எடுத்துருங்க. வட்டியே கிடையாது. சீசன் முடிஞ்சதும் கட்டிரலாம்.” பட்டாசு ஆலை போர்மேன், ஏஜென்ட், வேன் ஓட்டுபவர் என்று எல்லோர் காதிலும் விழும் இந்தப் பேச்சு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை.

1. “50 நாள் வட்டி கிடையாது.”

பாதி உண்மை. பில் தேதிக்கு மறுநாள் தேய்த்தால்தான் ஏறக்குறைய 50 நாள். பில் தேதிக்கு முந்தின நாள் தேய்த்தால் 20 நாள்கூடத் தேறுவது சந்தேகம். அந்தச் சலுகையும் முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்கு மட்டும். முந்தைய பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாக் காலமே இல்லை என்பதை நிபந்தனைகளில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி தன் 2022 விதிகளில் வங்கிகளைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. பாக்கி வைத்தால் கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

பில்லையே பாருங்கள். பழைய கார் ஒன்றுக்கு 4 லட்சம் தேய்த்தாயிற்று. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய் கேட்கிறார்கள். அதைக் கட்டிவிட்டு நிம்மதியாகிறோம். பாக்கி 3,80,000. மாதம் 3.5 சதவீத வட்டி 13,300. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,394. தேய்த்த நாளிலிருந்து ஏறிய பழைய வட்டியை விட்டுவிட்டாலும், அடுத்த மாதம் இன்னொரு 20,000 கட்டினால் 15,694 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் குறைவது 4,306.

2. “வங்கிக் கடனைவிட மலிவு.”

நம் ஊர்க் கணக்கில் பேசுவோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ‘மூணு வட்டி’. கைமாத்து வாங்குபவர்கூட ஒரு நிமிடம் யோசிப்பார். மேலே சொன்ன கார்டின் வட்டியையும் வரியையும் கூட்டினால் நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. அது நாலு வட்டிக்கும் மேல்.

4 லட்சத்தை ஒரு வருடத்தில் சம தவணைகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். 9.5 சதவீத கார் கடன் என்றால் மொத்த வட்டி சுமார் 21,000. கார்டின் மாதம் 3.5 சதவீதத்தில் அதே தொகைக்கு வட்டி சுமார் 96,700, ஜிஎஸ்டி சுமார் 17,400. மொத்தம் 1,14,000-க்கு மேல். கார் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கார்டு வட்டிக்கு உண்டு. இந்த வித்தியாசத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

கார்டுக்கு ஒரு நியாயம் உண்டு: ஆர்சி புத்தகத்தில் வங்கியின் அடமானக் குறிப்பு ஏறாது. அந்த ஒரு வசதிக்கு 93,000 ரூபாய் அதிகம்.

3. “நோ காஸ்ட் இஎம்ஐ போட்டால் வட்டி விழாது.”

‘பூஜ்ய வட்டி’ என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டு, கார்டு பாக்கிகளுக்கான பூஜ்ய வட்டித் தவணைத் திட்டங்களைக் கண்டித்தது. அதன் பிறகும் அது வேறு பெயரில் நடக்கிறது. 3 லட்சத்தை மாதம் 25,000 வீதம் 12 தவணையில் கட்டுவதாக வைப்போம். வங்கியின் வட்டி 15 சதவீதம் என்றால் அது தரும் கடன் சுமார் 2,77,000தான். மீதி 23,000 விற்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடி. அது வட்டியாக வங்கிக்குப் போகிறது. வட்டிமேல் ஜிஎஸ்டி சுமார் 4,100-உம், செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில். ரொக்கம் கொடுப்பவர் பேரம் பேசினால் அந்த 23,000 அவருக்கே குறைய வாய்ப்புண்டு. காருக்குக் கார்டு தேய்த்த மறுநாள் “தவணையாக மாற்றவா?” என்று குறுஞ்செய்தி வந்தால், அதில் வட்டி எவ்வளவு என்று கேளுங்கள்.

4. “பாயின்ட் கிடைக்குமே.”

4 லட்சத்துக்கு ஒரு சதவீதப் பாயின்ட் என்றாலும் 4,000 ரூபாய்தான். கார்டு ஏற்பதற்கு 2 சதவீதம் கூட்டிக் கேட்கும் விற்பனையாளரிடம் கொடுப்பது 8,000.

5. “தீபாவளி முடிந்ததும் கட்டிரலாம்.”

பட்டாசுத் தொழிலைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்வதுதான் வியப்பு. வடக்கே கடனுக்கு அனுப்பிய சரக்குக்குத் தீபாவளி முடிந்த பிறகுதான் பணம் வர ஆரம்பிக்கும். அதற்குள் ஆலைகள் மூடிக் கிடக்கும், மழை வரும். கூலிக்காரருக்கு வாரச் சம்பளம், வேலை இருந்தால் மட்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று உத்தரவிட்டதும், அந்தத் தீபாவளிக்குப் பிறகு சிவகாசி வட்டார ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததும் மறந்துவிட்டதா? வருமானம் வருடத்தில் சில மாதம். கார்டு பில் மாதா மாதம். இரண்டும் ஒத்துவராது.

அப்போது சிலர் கையாளும் வழி ‘ரொட்டேஷன்’. தெரிந்த கடையில் கார்டைத் தேய்த்து, கமிஷன் போகப் பணம் வாங்கி, அதைக் கொண்டே பில் கட்டுவது. 2 சதவீதக் கமிஷன் என்றாலும் 4 லட்சத்துக்கு மாதம் 8,000, வருடம் 96,000. அசல் அப்படியே இருக்கும். சரக்கே கைமாறாத இந்தத் தேய்ப்பு வங்கி விதிகளுக்கு விரோதம். கண்டுபிடித்தால் கார்டு முடங்கும், மறுநாள் பில் நிற்கும்.

இந்தப் பேச்சு கடல் தாண்டியும் வருகிறது. பிரிட்டனில் வாங்கும் பொருளுக்கு ஒரு வருடத்துக்கு மேல்கூட வட்டி இல்லாத கார்டுகள் உண்மையிலேயே உண்டு. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான பொருளில் குறை என்றால் வங்கியும் பொறுப்பு என்று 1974 நுகர்வோர் கடன் சட்டம் சொல்கிறது. அங்கிருக்கும் உறவினர் சொல்வது அங்கே சரி. பெயர் ஒன்றாக இருப்பதால் நம் கையிலுள்ள கார்டும் அதே சரக்கு ஆகிவிடாது.

கார்டே வேண்டாம் என்பதல்ல. முழுப் பணமும் வங்கியில் இருக்கிறது, விற்பவர் கூடுதல் கேட்கவில்லை, பில் தேதிக்கு மறுநாள் என்றால் தாராளமாகத் தேயுங்கள். புக்கிங் தொகையைக் கார்டில் கட்டுவதிலும் தவறில்லை. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ரொக்க விலையைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். அடுத்து கார்டுக்கு எவ்வளவு கூடுகிறது என்று கேளுங்கள். கடன் தேவைப்பட்டால் வங்கியிடம் கார் கடன் வட்டியை விசாரியுங்கள். அதன் பிறகும் கார்டுதான் லாபம் என்று உங்கள் காகிதத்தில் விடை வந்தால் மட்டும் கார்டை எடுங்கள்.