இங்கிலீஷ் பீரியடில் ஏன் வயிறு கலக்குது?



முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நம்ம வகுப்பில் ஒருத்தி ‘நைஃப்’ என்ற சொல்லை ‘கினைஃப்’ என்று வாசித்தாள. எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் இங்கிலீஷ் பாடத்தில் வாயே திறப்பதில்லை. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) அடுத்து என் முறை வந்தது. ராத்திரி நன்றாகப் படித்த பத்தி, எழுந்து நின்றதும் மறந்தே போச்சு!

இந்தப் பயம் நமக்கு மட்டும் இல்லை. 1986-ல் அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸ் என்பவரும் இன்னும் இருவரும், வேற்றுமொழி வகுப்பில் வரும் பயத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட பட்டியல் தயாரித்தார்கள். தெரிந்ததே பதற்றத்தில் மறந்துபோகிறதா என்பதும் அதில் ஒன்று. பாதி மனசு ‘சிரிப்பாங்களோ’ என்று நினைத்தால், மீதிப் பாதிதானே பாடத்துக்கு?

இங்கிலீஷில் தவறினால் மூளை இல்லை என்று அர்த்தமா? நம்ம கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், 1904-ல் அங்கே அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று உதவித்தொகையை இழந்தார். அவரே 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதினார்.

‘பயம் இருந்தால்தான் படிப்பு வரும்’ என்று பெரியவங்க சொல்வாங்க. பரீட்சைக்கு அது உதவலாம். பேச உதவாது. குறுவை நடவுக்கு அம்மாவோடு முதல் தடவை வயலில் இறங்கியபோது நாற்றை ஆழமாக ஊன்றிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. “மேலாக நடு கண்ணு, அப்பதான் தூர் கட்டும்” என்றார் பக்கத்தில் நின்ற அத்தை. அன்று சாயங்காலத்துக்குள் கை பழகிவிட்டது. வகுப்பும் அப்படி இருக்கக் கூடாதா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் இருவர் இருவராக வாசித்துப் பழகவிடுங்கள். தப்பை வாசித்து முடித்த பிறகு திருத்துங்கள்.

இன்னொரு செய்தி. பழைய காலத்தில் ஆங்கிலேயர்களே அந்த ‘கே’ எழுத்தை உச்சரித்தார்களாம்! அப்படியென்றால் நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்?

அடுத்த பீரியடில் முதலில் நான் வாசிக்கிறேன். தப்பு வந்தால் திருத்துங்க. சிரிக்காதீங்க. எனக்குப் பிறகு அவள் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி