சுரங்கத் தொழிலாளியின் மகள் எழுதியவை

கன்ட்ரி இசைப் பாடகர் லொரெட்டா லின் 2022 அக்டோபர் 4 அன்று, டென்னசி மாநிலத்தின் ஹரிக்கேன் மில்ஸில், தன் வீட்டில் உறக்கத்திலேயே காலமானார். வயது தொண்ணூறு. அன்று வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்லின. கென்டக்கி மலையிடுக்கில் ஒரு மரக்குடில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, விளையாட்டு வயதில் கல்யாணம், கணவன் வாங்கிக் கொடுத்த கிடார், அதன் பிறகு புகழ். 1976இல் வந்த அவருடைய தன்வரலாறும் 1980இல் வந்த திரைப்படமும் இந்தக் கதையை ஊர் உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன. லொரெட்டாவாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. நல்ல படம்தான். ஆனால் பார்த்து முடித்ததும் மனத்தில் நிற்பது ஒரு கணவனும் மனைவியும். பாட்டெழுதிய ஒருத்தி அங்கே எங்கோ பின்வரிசையில் இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

அந்தக் கதையைக் கொஞ்சம் கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும். அதில் காரியங்கள் செய்வதெல்லாம் ஆண்கள். கணவர் ஆலிவர் லின் (ஊரில் அவருக்கு டூலிட்டில் என்று பெயர்) சியர்ஸ் கடையில் 17 டாலருக்கு ஹார்மனி கிடார் ஒன்று வாங்கித் தந்தார். நார்ம் பர்லி என்ற கனடாக்காரர் பணம் போட்டு முதல் இசைத்தட்டை வெளியிட்டார். வில்பர்ன் சகோதரர்கள் நாஷ்வில்லில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். ஓவன் பிராட்லி ஒலிப்பதிவு செய்தார். கடைசியில், எழுபது தாண்டிய பிறகு, ஜாக் ஒயிட் என்ற ராக் இளைஞர் வந்து 'மீட்டெடுத்தார்'. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும் பொருளைப் போல அவர் தோன்றுகிறார். 'டோன்ட் கம் ஹோம் எ டிரிங்கின்', 'ஃபிஸ்ட் சிட்டி', 'ரேட்டட் எக்ஸ்' முதலிய பாடல்களை எழுதியவர் எப்படி எழுதினார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

டூலிட்டிலுக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிடுவோம். 1960இல் 'ஐ ஆம் எ ஹாங்க்கி டாங்க் கேர்ள்' தட்டு வந்தபோது விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. மனைவியைத் தானே படம் பிடித்து, தட்டோடு சேர்த்து நாடு முழுதும் உள்ள வானொலி நிலையங்களுக்கு 3,500 பிரதிகள் தபாலில் அனுப்பினார். பிறகு இருவரும் காரில் கிளம்பினார்கள். வழியில் எங்கே ஒலிபரப்புக் கோபுரம் தெரிந்தாலும் வண்டியை நிறுத்துவது, இருக்கிற ஒரே நல்ல உடையைப் பின்சீட்டில் மாற்றிக்கொண்டு உள்ளே போய் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்பது, ரொட்டியும் இறைச்சித் துண்டும் தின்றுவிட்டுக் காரிலேயே தூங்குவது. அந்தத் தட்டு பில்போர்டு கன்ட்ரி வரிசையில் 14ஆம் இடம் வரை போயிற்று. தன் இதழைத் தானே சுமந்து கடை கடையாகப் போட்டவர்களுக்கு இந்தப் பயணம் புரியும். அதே டூலிட்டில் குடிகாரர், பெண் சகவாசம் உள்ளவர், கை நீட்டுகிறவர். லொரெட்டா இதை எங்கும் மறைக்கவில்லை. வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததில்லை, திருப்பிக் கொடுத்ததுண்டு என்றும் சொல்லியிருக்கிறார். பாட்டுகளுக்கான சரக்கு பெரும்பாலும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தது.

அதற்கு முந்தைய வீடு பட்சர் ஹாலோவில் இருந்தது. பக்கத்திலுள்ள வான் லியர், ஒரு நிலக்கரிக் கம்பெனி கட்டி வைத்திருந்த ஊர். அப்பா டெட் வெப் இரவில் சுரங்கத்திலும் பகலில் சோளக் கொல்லையிலும் உழைத்தார். எட்டுப் பிள்ளைகளில் லொரெட்டா இரண்டாவது. பலகைச் சந்துகளில் காற்று வராமலிருக்க அம்மா கிளாரா பழைய பத்திரிகைத் தாள்களைச் சுவரெங்கும் ஒட்டி வைத்திருந்தார். அப்படி ஒட்டிய ஒரு தாளில் நடிகை லொரெட்டா யங்கின் படம் இருந்தது. பிள்ளைக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம். சனிக்கிழமை இரவுகளில் பேட்டரி வானொலியில் நாஷ்வில்லிலிருந்து 'கிராண்ட் ஓல் ஆப்ரி' கேட்கும். அதை ஒலிபரப்பிய டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தின் முதலாளி ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. ஏழைகளின் இசை என்று இன்று பேசப்படுவதை, ஏழைகளிடம் பாலிசி விற்றவர்கள்தான் காற்றில் ஏற்றினார்கள்.

கல்யாணமாகி, கர்ப்பிணியாக, நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்கு அவர் போனார். கஸ்டர் என்ற சிற்றூர். கணவருக்கு மரம் வெட்டும் வேலை. இவர் வீட்டு வேலை செய்தார், ஸ்ட்ராபெர்ரி பறித்தார். இருபது வயதில் நான்கு பிள்ளைகள். கிடார் வந்த பிறகு பாட்டெழுதக் கற்றுக்கொள்ள ஆசிரியர் யாரும் கிடையாது. 'கன்ட்ரி சாங் ரவுண்டப்' என்ற பாட்டுப் பத்திரிகையைப் பார்த்து, ஒரு பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவுதானே, இதை நாமும் செய்யலாமே என்று தோன்றியதாம்.

அவர் எழுதும் முறைக்கு ஓர் உதாரணம் போதும். கச்சேரிக்கு முன் மேடைக்குப் பின்புறம் ஒரு பெண் அழுதுகொண்டே வருகிறாள். அவள் புருஷன் கச்சேரிக்கு வந்திருக்கிறான், கூட வேறொருத்தியையும் அழைத்து வந்திருக்கிறான். லொரெட்டா திரையை விலக்கி அந்த இன்னொருத்தியைப் பார்க்கிறார். திரும்பி வந்து, உன் புருஷனைப் பறிக்கிற அளவுக்கு அவளிடம் ஒன்றுமில்லை என்கிறார். சொன்னது தலைப்பாகிவிட்டது. ஒப்பனை அறைக்குள் போய்ப் பாட்டை எழுதி முடிக்கிறார். 1966இல் வெளிவந்த 'யூ எய்ன்ட் உமன் எனஃப்' இப்படிப் பிறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது வேகம் மட்டும் அல்ல. அந்தப் பாட்டில் அழுத பெண் இல்லை, புருஷனும் ஓரமாகத்தான் நிற்கிறான். பேச்சு முழுவதும் அந்த இன்னொருத்தியை நேருக்கு நேர் பார்த்து. அதுவரை கன்ட்ரி இசையில் ஏமாற்றப்பட்ட மனைவி பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து கலங்குவாள், வானத்தைப் பார்த்துப் பேசுவாள். பாடகி கிட்டி வெல்ஸ் போல முன்பே பதில் சொன்னவர்கள் உண்டு. ஆனால் எதிராளியை எதிரே நிறுத்திவைத்து, அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை ஒரு வடிவமாகவே ஆக்கியவர் லொரெட்டா. அவர் பாட்டில் எப்போதும் ஒரு முன்னிலை உண்டு. குடித்துவிட்டு நள்ளிரவில் வரும் கணவன் ஒரு பாட்டில், கணவன் மேல் கண்போட்ட பக்கத்து ஊர்க்காரி இன்னொன்றில். வியட்நாம் போர் சூடுபிடித்தபோது எழுதிய 'டியர் அங்கிள் சாம்' பாட்டில் அந்த முன்னிலை அமெரிக்க அரசாங்கம். புருஷனைப் போருக்கு அனுப்பிய மனைவி அதே வீட்டுக் குரலில்தான் அரசாங்கத்திடமும் பேசுகிறாள். கடைசியில் தந்தி வருகிறது. போர் எதிர்ப்பு என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. தேசபக்தி அதில் கொட்டிக் கிடக்கிறது. இருந்தும் அதைக் கேட்டுவிட்டு யுத்தத்தை மெச்சிப் பேசுவது கஷ்டம்.

தன் கதையைத் தானே எழுதிய 'கோல் மைனர்ஸ் டாட்டர்' இதற்கு விதிவிலக்கு. அது யாரையும் பார்த்துப் பேசவில்லை. முதலில் மிக நீளமாக எழுதியிருந்தார். ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். வெட்டியவை தொலைந்து போயின, அதற்காக அவர் பின்னாளில் வருந்தியிருக்கிறார். 1969இல் பதிவான பாட்டு 1970இல்தான் வெளியாகி முதலிடத்துக்கு வந்தது. அருமையான பாட்டு என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதன் தலைப்பே தன்வரலாற்றுக்கும் படத்துக்கும் தலைப்பாகி, மற்ற பாட்டுகளையெல்லாம் நிழலில் தள்ளிவிட்டது என்பது நம் குறை.

1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த ஆண்டுக்கான தலைசிறந்த கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 'ரேட்டட் எக்ஸ்' விவாகரத்தான பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றியது. பிறகு 1975இல் 'தி பில்'. கருத்தடை மாத்திரை அமெரிக்காவில் 1960இலேயே அனுமதி பெற்றுவிட்டது. பாட்டில் வர மட்டும் பதினைந்து வருஷம் ஆயிற்று. பதிவு செய்த கம்பெனி அதை மூன்று வருஷம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. வெளிவந்ததும் பல வானொலி நிலையங்கள் தடை போட்டன. தடையையும் மீறிக் கன்ட்ரி வரிசையில் ஐந்தாம் இடம். சுகாதாரத் துறைத் துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை உங்கள் பாட்டு செய்தது என்று கிராமத்து மருத்துவர்கள் தன்னிடம் சொன்னதாக அவர் ஒரு பேட்டியில் குறிப்பிட்டிருக்கிறார். இந்தப் பாட்டை எழுதியவர் அவர் அல்ல, வேறு மூவர். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வருஷா வருஷம் பிரசவித்த ஒருத்தி தாய்மைக்கால உடையைக் குப்பையில் போடுவதைச் சிரித்துக்கொண்டே பாட, அந்த வாழ்க்கை வாழ்ந்த தொண்டைதான் தேவைப்பட்டது.

வேறு மூவர் எழுதினார்கள் என்று சொன்னோம். இங்கேதான் அஞ்சலிகள் தாண்டிக் குதித்துப் போன பகுதி வருகிறது. எழுபதுகளின் நடுவிலிருந்து லொரெட்டா பாடி வெற்றி பெற்றவற்றில் அவர் எழுதியவை அருகிப் போகின்றன. சரக்கு தீர்ந்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். விஷயம் வேறு. நாஷ்வில்லுக்கு வந்த புதிதில் வில்பர்ன் சகோதரர்களின் ஷுர்-ஃபயர் என்ற பாடல் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். அந்த ஊர் வழக்கப்படி எழுதியவர் காப்புரிமையைப் பதிப்பகத்துக்குக் கொடுத்துவிடுவார். வருமானத்தில் ஆளுக்குப் பாதி. ஒரு தட்டு விற்றால் ஒரு பாட்டுக்குச் சட்டம் நிர்ணயித்த தொகை 2 சென்ட். 1909இல் வைத்த அந்த விகிதம் 1977 முடியும் வரை மாறவேயில்லை. ஆக, எழுதியவர் கைக்கு வருவது ஒரு சென்ட். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் வில்பர்ன் சகோதரர்களை விட்டு விலகினார், வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆள் விலகினாலும் ஒப்பந்தம் விடவில்லை. இனி எழுதுவதும் அவர்களுக்கே போகும் என்ற நிலை. அவர் எடுத்த முடிவு, எழுதுவதைக் குறைத்துக்கொண்டு மற்றவர்கள் பாட்டைப் பாடுவது. ஓர் எழுத்தாளர் தன் உச்சத்தில், மனத்தடை எதுவும் இல்லாமல், ஒரு காகிதத்தை முன்னிட்டுப் பேனாவை மூடி வைத்தார். படத்தில் இது கிடையாது. காதலும் குடியும் கண்ணீரும் படமாகும், ராயல்டி ஒப்பந்தம் ஆகாது.

இதன் பின்னணியில் 2004ஐப் பார்த்தால் 'மீட்டெடுப்பு' என்ற பேச்சு வேறு மாதிரி ஒலிக்கிறது. ஜாக் ஒயிட் தயாரித்த 'வான் லியர் ரோஸ்' தொகுப்பு வந்தபோது லொரெட்டாவுக்கு 72 வயது, ஒயிட்டுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கிடார் இரைச்சலையும் இரண்டு கிராமி விருதுகளையும் பற்றி நிறைய எழுதினார்கள். அதன் பாட்டுகளில் லொரெட்டாவின் எழுத்து முழுதாகத் திரும்பி வந்திருந்தது. 'ஃபேமிலி ட்ரீ' என்ற பாட்டில் ஒருத்தி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இன்னொருத்தியின் வாசலுக்கே போய் நிற்கிறாள். 1966இன் அதே நேர்பேச்சு. ஆனால் இப்போது பாடுகிறவள் கணவனை 1996இலேயே அடக்கம் செய்துவிட்ட கிழவி. கோபம் மங்கவில்லை. கூடவே ஓர் இளக்காரம் சேர்ந்திருக்கிறது, அது முப்பது வயதில் வராது.

நம் வட்டத்தில் அவரைப் பற்றிப் பேசினால் உடனே வரும் கேள்வி ஒன்று உண்டு: 2016இல் டிரம்ப்பை ஆதரித்தவர்தானே? ஆமாம், வெளிப்படையாகவே ஆதரித்தார். பெண்ணியம் என்ற அடையாளத்தையும் அவர் விரும்பி ஏற்றதில்லை. எழுத்தாளரிடம் முதலில் நிலைப்பாட்டுச் சான்றிதழ் கேட்டு, அதன் பிறகே பிரதியைத் தொடும் பழக்கம் நம்மிடம் வலுத்துவருகிறது. லொரெட்டா அந்த வரிசையில் நின்றால் சான்றிதழ் கிடைக்காது. 'ரேட்டட் எக்ஸ்'ஸைக் கேட்ட ஒரு விவாகரத்தான பெண்ணுக்குப் பாடகியின் ஓட்டு எந்தப் பெட்டியில் விழுந்தது என்பது ஒரு பொருட்டாக இருந்திருக்குமா என்ன? ஓட்டை விமர்சிப்போம், தயங்க வேண்டியதில்லை. பாட்டைத் தனியாகவே கேட்போம்.

கதைக்கு அவரும் தீனி போட்டார் என்பதை மறைக்க முடியாது. பதின்மூன்று வயதில் கல்யாணம் என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார். புத்தகத்திலும் படத்திலும் அதுதான். 2012இல் அசோசியேட்டட் பிரஸ் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தது. பிறந்தது 1932. 1948 ஜனவரியில் தாலி, அதாவது மோதிரம், ஏறியபோது வயது பதினைந்து. பதினைந்தே கொடுமைதான். பதின்மூன்று ஒரு நடிகையின் கணக்கு, வயதைக் குறைத்துச் சொல்லும் மேடைத் தொழிலின் சாதாரணக் கணக்கு. கதை அந்தப் பொய்யையும் விழுங்கி இன்னும் பெரிதாயிற்று.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் படத்தையும் அதன் தலைப்புப் பாட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'ஃபிஸ்ட் சிட்டி'யில் தொடங்குங்கள். இரண்டேகால் நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கணவனைச் சுற்றி வரும் ஒருத்தியை அடித்துவிடுவேன் என்று மிரட்டுவதுதான் மொத்தப் பாட்டும். கணவன் ஒன்றும் உத்தமன் இல்லை என்பதையும் போகிற போக்கில் அவளே சொல்லிவிடுவாள்; அந்த இடத்தில் அவர் குரல் சிரிக்கிறதா என்று பாருங்கள். அடுத்து 'டியர் அங்கிள் சாம்', பிறகு 'ரேட்டட் எக்ஸ்', அப்புறம் நேராக 2004க்குத் தாவி 'ஃபேமிலி ட்ரீ'. நான்கையும் எழுதியவர் அவர்தான்.